விஸ்பி கவசம்: தகடு எவ்வளவு தடிமன் இருக்கலாம்?

வணக்கம் நண்பர்களே. ஆகஸ்டில் ஸ்வீடனின் விஸ்பி நகரில் நடக்கும் இடைக்கால வாரத்துக்கு, அதாவது மத்திய கால உடையணிந்து கொண்டாடும் திருவிழாவுக்குப் போகிறேன். 1361-இல் டென்மார்க் மன்னர் வால்டெமாரின் படையிடம் விஸ்பி இருக்கும் கோட்லாந்து தீவின் விவசாயிகள் தோற்றது அந்த ஊர் மதிலுக்கு வெளியேதான். இறந்தவர்களில் பலரைக் கவசத்தோடேயே குழியில் போட்டு மூடிவிட்டார்கள். அதனால்தான் அந்தக் கவசங்களின் அமைப்பு நமக்கு இவ்வளவு தெரிகிறது.

அதே மாதிரி ஒன்று செய்ய ஆசை. தோல் சட்டைக்கு உள்பக்கம் இரும்புத் தகடுகளை ரிவெட் அடித்துப் பொருத்த வேண்டும். வெளியே ஆணித்தலைகள் மட்டும் தெரியும். போன வருடம் வாங்கிய சங்கிலிக் கவசம் ரிவெட் இல்லாத, சும்மா வளைத்து மூடிய வளையங்கள். முதல் நாளே அக்குளில் பிரிந்துவிட்டது. அந்த விலையைப் பார்த்தபோதே யோசித்திருக்க வேண்டும், சரி போகட்டும்.

மழுங்கிய வாளோடு மோதுவதற்கு 1.2 மில்லிமீட்டர் மைல்டு ஸ்டீல் போதுமா, 1.5 வேண்டுமா? அப்புறம், பஞ்சு வைத்துத் தைத்த உள்சட்டையைப் போட்டுக்கொண்டு அளவெடுப்பதுதானே முறை? அட்டையில் வெட்டிப் பார்த்தேன். குனிந்தால் கீழ்த்தகடு தொடையில் இடிக்கிறது. எவ்வளவு குறைக்கலாம்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், உள்பக்கப் படம் இருந்தால் ரொம்ப உதவியாக இருக்கும்.