பூங்காவுக்குள் கோல்ஃப் மைதானம்: பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வெட்டுக்கிளி:
எங்கள் ஊர்ப் பூங்காவில் பாதியை எடுத்து ஒன்பது குழி கோல்ஃப் மைதானம் போடப் போகிறார்களாம். ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று பெயர். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போனேன். திரையில் காட்டிய படங்களில் பாதிக்கு மேல் பறவைகள்தான். தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்டேன், ‘அது அடுத்த கட்டம்’ என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார்கள். அடுத்த கூட்டத்தில் என்ன கேட்பது? இந்த மாதிரி இடத்தை நேரில் பார்த்தவர்கள் கொஞ்சம் எழுதுங்கள்.

நடைராசா:
நான் பார்த்தது வாஷிங்டன் மாநிலத்தில், டகோமா பக்கம் இருக்கும் சேம்பர்ஸ் பே. எனக்குக் கோல்ஃப் ஆடத் தெரியாது, சனிக்கிழமை காலையில் நடக்கப் போகிறவன். கவுண்டிக்கு (நம்மூர் மாவட்ட நிர்வாகம் மாதிரி) சொந்தமான பூங்கா அது. மைதானத்தை ஒட்டியும் ஊடாகவும் நடைபாதை போகிறது, யார் வேண்டுமானாலும் போகலாம். ஆடுகிறவர்களும் நடந்துதான் ஆட வேண்டும், வண்டி கிடையாது (உடம்புக்கு முடியாதவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு).

அது முன்பு மணலும் சரளையும் தோண்டிய குவாரி. 1992இல் கவுண்டி வாங்கியது, 2007இல் மைதானம் திறந்தார்கள். காட்டை அழிக்கவில்லை, தோண்டிப் போட்ட பள்ளத்தைத்தான் சரி செய்தார்கள். என் கணக்கில் அதன் பெரிய புண்ணியம் இதுதான். சரளை பிரித்த பழைய கான்கிரீட் சுவர்கள் பதினெட்டாவது குழி பக்கம் கூரை போன மண்டபம் மாதிரி அப்படியே நிற்கின்றன. மொத்த மைதானத்துக்கும் ஒரே ஒரு மரம். அதையும் 2008இல் யாரோ கோடாரியால் வெட்டப் பார்த்தார்கள், எப்படியோ பிழைத்துவிட்டது. பக்கத்திலேயே கவுண்டியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம். அந்தச் சகதியைக் காயவைத்து உரக் குருணை ஆக்குகிறார்கள்.

விஷயம் புல்லில்தான் இருக்கிறது. ஆரம்பத்தில் முழுக்க ஃபெஸ்க்யூ புல். தண்ணீரும் உரமும் கொஞ்சம் போதும், ஆனால் வெயில் காலத்தில் பழுப்பாகிவிடும். அப்பா ஊரிலிருந்து வந்திருந்தபோது ஓர் ஆகஸ்டில் கூட்டிப் போனேன். தஞ்சாவூர்ப் பக்கம் நாற்பது வருஷம் வயல் பார்த்தவர். ‘என்னடா, தண்ணி கட்டாம கருக விட்டிருக்கான்’ என்றார். அப்புறம் பாதையோரத்தில் குந்தி, ஒரு கொத்தைப் பிடுங்கி, தாளை விரலால் நசுக்கிப் பார்த்தார். உள்ளே பச்சை. ‘உசுரு இருக்கு’ என்று மண்ணோடு திரும்ப அழுத்தி வைத்துவிட்டு எழுந்தார்.

2015இல் அங்கே யு.எஸ். ஓபன் என்ற பெரிய கோல்ஃப் போட்டி நடந்தது. ஜோர்டன் ஸ்பீத் ஜெயித்தார். ஆனால் எல்லோரும் பேசியது கிரீனைப் பற்றித்தான், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய இடம். ஃபெஸ்க்யூவுக்கு நடுவே போவா அன்னுவா என்ற புல் தானாக வந்து பரவியிருந்தது. இரண்டும் ஒரே வேகத்தில் வளராது. அதனால் பந்து மேடுபள்ளத்தில் தத்திக்கொண்டு போனது. அதில் ஆடிய ஹென்ரிக் ஸ்டென்சன் அதை ப்ராக்கலி மேல் உருட்டுவதற்கு ஒப்பிட்டார். பிறகு கிரீன்களை மட்டும் பெயர்த்துவிட்டு, அந்தப் போவாவையே போட்டார்கள். அப்பாவிடம் போனில் சொன்னேன். ‘களை ஜெயிச்சிருச்சுன்னா அதுக்குப் பயிர்னு பேரு வச்சிர வேண்டியதுதான்’ என்று சிரித்தார்.

கட்டணத்தையும் கேட்டு வையுங்கள். பொது மைதானம்தான், ஆனால் வெளியூர்க்காரருக்கு அங்கே ஒரு ஆட்டம் கையைக் கடிக்கும்.

நாரைப்பித்தன்:
நான் பார்த்தது நேர் எதிர்க் கதை. சான் பிரான்சிஸ்கோ நகரத்துக்குச் சொந்தமான ஷார்ப் பார்க், ஆனால் இருப்பது பசிபிகா ஊரில். பேர்பெற்ற அகஸ்டா கோல்ஃப் மைதானத்தை வடிவமைத்தவர்களில் ஒருவரான அலிஸ்டர் மெக்கென்சி போட்டது, 1932இல் திறந்தது. கடலுக்கும் மைதானத்துக்கும் நடுவே ஒரு கரை, உள்ளே லகூனா சலாடா என்ற ஏரி. அங்கே இரண்டு அரிய உயிர்கள்: செங்கால் தவளை, அதைத் தின்னும் சான் பிரான்சிஸ்கோ கார்ட்டர் பாம்பு. இரண்டும் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை.

குளிர்கால மழையில் ஃபேர்வே, அதாவது குழிக்குப் போகும் புல்வெளி, முழுகும். மோட்டார் போட்டுத் தண்ணீரைக் கடலுக்கு இறைப்பார்கள். தவளை முட்டையிடுவதும் அதே மாதங்களில்தான், கரையோரக் கோரையில் ஒட்டினாற்போல. தண்ணீர் இறங்கினால் முட்டைக் கொத்து அந்தரத்தில் நின்று காய்ந்துவிடும் என்று சொல்லித்தான் சூழல் அமைப்புகள் 2011இல் வழக்குப் போட்டன. அடுத்த வருஷம் வழக்கு தள்ளுபடியானது, மைதானம் தப்பித்தது. ஒரு ஜனவரியில் பறவை பார்க்கப் போயிருந்தேன். ஏரிப் பக்கம் தவளைச் சத்தம், அதைத் தாண்டி ஒருவர் முழங்கால் வரை சேறோடு பந்தைத் தேடிக்கொண்டிருந்தார். பாம்பு கண்ணில் படவில்லை. இன்றுவரை அந்த வருத்தம் உண்டு.

வெட்டுக்கிளி, உங்கள் பூங்காவில் தண்ணீர் தேங்கும் இடம் உண்டா? இருந்தால் மோட்டார் எந்த மாதத்தில், எந்த அளவு வரை ஓடும் என்று எழுத்தில் கேளுங்கள்.

வெட்டுக்கிளி:
உண்டு அண்ணா. கிழக்குப் பக்கம் ஒரு குட்டை, மழை பிடித்தால் நடைபாதை வரைக்கும் ஏறிவிடும். நீங்கள் கேட்ட பிறகுதான் அவர்கள் கொடுத்த வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். குட்டை இருக்கும் இடத்தில் ஏழு என்று போட்டு ஒரு கொடி வரைந்திருக்கிறது. நாளைக் காலை போய்ப் படம் எடுத்துப் போடுகிறேன்.