உயரே போனால் கைகர் எண்ணிக்கை குறைகிறதே, குழாய் பழுதா?

கேள்வி:
எஸ்பிஎம்-20 கைகர் குழாய் (கதிர்வீச்சு படும்போது ஒரு மின்துடிப்பு தருவது) ஒன்று, 400 வோல்ட். தரையில் நிமிடத்துக்கு 20 துடிப்பு. டிரோனில் 100 மீட்டர் உயர்த்தி 20 நிமிடம் எண்ணினால் சராசரி நிமிடத்துக்கு 15. 2,000 மீட்டர் மலையில் 27. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் உயரத்தோடு கூட வேண்டும்தானே?

பதில் 1:
குழாயில் கோளாறு இல்லை. அந்த 20-ல் பாதிக்கு மேல் மண்ணிலும் பாறையிலும் உள்ள பொட்டாசியம்-40, யுரேனியம், தோரியம் தரும் காமா கதிர். மேலே போனதும் முதலில் கழிவது அதுதான். 1912-ல் காஸ்மிக் கதிரைக் கண்டறிந்த விக்டர் ஹெஸ் பலூனில் 5,000 மீட்டருக்கு மேல் போனபோதும் கதிர்வீச்சு முதலில் இறங்கி, பிறகுதான் ஏறியது. மலையில் கிடைத்த 27-ஐயும் நம்ப வேண்டாம், கிரானைட் பாறையாக இருந்தால் அதுவே ஏற்றிவிடும்.

காஸ்மிக் கதிரை மட்டும் பிரித்து எண்ண, இரண்டு குழாய்களை 3 செ.மீ. இடைவெளியில் மேலும் கீழுமாகப் படுக்க வைத்து, இரண்டும் ஒன்றாகத் துடித்தால் மட்டும் எண்ணுங்கள். காமா பெரும்பாலும் ஒரு குழாயோடு நின்றுவிடும், காஸ்மிக் கதிர் காற்றில் மோதி உருவாக்கும் மியூவான் என்ற துகள் இரண்டையும் துளைக்கும். ஆனால் கிடைப்பது நிமிடத்துக்கு ஒன்றிரண்டுதான். 3% துல்லியத்துக்கு 1,000 எண்ணிக்கை வேண்டும், அதாவது ஒவ்வொரு இடத்திலும் பத்து மணி நேரம் போல. பொறுமை இல்லையென்றால் குழாய்களைக் கூட்டுங்கள்.

பதில் 2:
கோஇன்சிடென்ஸ் சாளரத்தை, அதாவது இரண்டு துடிப்பை ‘ஒன்றாக’ என்று ஏற்கும் நேர இடைவெளியை, 100 மைக்ரோசெகண்டில் வையுங்கள். தொடர்பில்லாத இரண்டு துடிப்பு தற்செயலாக ஒன்றுசேரும் வீதம் 2×ஆர்1×ஆர்2×டௌ (ஆர்1, ஆர்2 இரு குழாய்களின் வீதம், டௌ அந்தச் சாளரம்). உங்கள் 20-க்கு ஒரு நாளில் இரண்டு. மென்பொருளில் சோம்பலாக 10 மில்லிசெகண்ட் விட்டால் அதுவே 190 ஆகிவிடும்.

இன்னொரு பொறி: ஒரே உயர் மின்னழுத்தப் பலகையில் இரண்டையும் மாட்டினால் ஒன்றின் துடிப்பு மற்றதில் கசியும். தனித்தனி 5 மெகா ஓம் மின்தடை, தனித்தனி வடிகட்டி போடுங்கள். சோதிக்க, குழாய்களை ஒரே மட்டத்தில் தள்ளி வையுங்கள். வீதம் விழவில்லையென்றால் கசிவுதான்.

கேட்டவர்:
நன்றி. அடுத்து பலூனில் அனுப்பலாமா?

பதில் 3:
அனுப்பலாம். காற்றழுத்தம் அளக்க பிஎம்பி280 உணரி வேண்டாம், 300 ஹெக்டோபாஸ்கலுக்குக் கீழே, அதாவது 9 கி.மீ. தாண்டினால், அதற்கு உத்தரவாதம் இல்லை. எம்எஸ்5611 உணரி 10 ஹெக்டோபாஸ்கல் வரை போகும். ஜிபிஎஸ்ஸை விமானப் பயன்முறைக்கு மாற்றாவிட்டால் பல மாடல்கள் 12, 18 கி.மீ.யிலேயே நின்றுவிடும். வரைபடத்தில் உயரத்துக்குப் பதில் அழுத்தத்தைப் போடுங்கள், கதிரைத் தடுப்பது மேலே உள்ள காற்றின் எடைதான்.

எண்ணிக்கை சுமார் 15 முதல் 20 கி.மீ.க்குள் உச்சம் தொட்டு இறங்க வேண்டும். நிலநடுக்கோட்டுப் பக்கம் உச்சம் தாழ்வாகவும் மெலிவாகவும் இருக்கும். 20-க்கு மேலும் ஏறிக்கொண்டே போனால் மகிழ வேண்டாம்: மெல்லிய காற்றில் 400 வோல்ட் சால்டர் முனையிலிருந்து மின்கசிவு ஏற்பட்டுப் பொய்த் துடிப்பு தருகிறது. முனைகளை எல்லாம் சிலிக்கோனில் மூடிவிடுங்கள்.