நார்தர்ன் லீக் 1991 வரை தனித்து நின்றது சரியா?

மாறன்:
இங்கிலாந்தில் ஃபுட்பால் லீக் தொடங்கியது 1888ல். அடுத்த வருடமே நாட்டின் வடகிழக்கு மூலையில் இன்னொரு லீக் பிறந்தது. அதுதான் நார்தர்ன் லீக். டார்லிங்டனில் இன்ஜினியராக இருந்த சார்லஸ் கிரேவன் முன்கை எடுத்தார். முதல் சீசனில் பத்து கிளப்புகள். மிடில்ஸ்பரோ, நியூகாசில் ஈஸ்ட் எண்ட், நியூகாசில் வெஸ்ட் எண்ட் எல்லாம் அதில் ஆடின. இன்றைக்கும் நடக்கிற லீக்குகளில் உலகத்திலேயே இரண்டாவது பழைய லீக் இது.

இவ்வளவு பெருமை இருந்தும் அதன் டிவிஷன் ஒன் இப்போது இங்கிலாந்து பந்தாட்டத்தின் ஒன்பதாவது படியில் இருக்கிறது (முதல் படி பிரீமியர் லீக்), டிவிஷன் டூ பத்தாவதில். இதற்கு லீக் நிர்வாகமேதான் காரணம் என்று நினைக்கிறேன். 1968ல் வடக்கு இங்கிலாந்து முழுவதற்குமாக நார்தர்ன் பிரீமியர் லீக் வந்தது. 1979ல் அலையன்ஸ் பிரீமியர் லீக் வந்தது, இன்றைய நேஷனல் லீக் அதுதான். கீழிருந்து மேலே ஏறும் படிக்கட்டு கண்ணெதிரே உருவாகிக்கொண்டிருந்தது. நார்தர்ன் லீக் மட்டும் "எங்களுக்கு எங்கள் ஊர் போதும்" என்று ஒதுங்கியே இருந்தது. கடைசியில் 1991ல் உள்ளே வந்தபோது நல்ல இடமெல்லாம் போய்விட்டது.

ஒப்பிட்டுப் பார்க்க லண்டன் பக்கத்து இஸ்த்மியன் லீக் இருக்கிறது. அதுவும் பழைய அமெச்சூர் லீக்தான், அதுவும் முதலில் தயங்கியது. ஆனால் 1980களிலேயே அமைப்புக்குள் வந்துவிட்டது. இன்று அதன் பிரீமியர் டிவிஷன் ஏழாவது படியில் இருக்கிறது. ஒரே குலத்தில் பிறந்த இரண்டு லீக்குகள், நடுவில் இரண்டு படி வித்தியாசம். இது நியாயமா?

குருவி:
மாறன், 1968ஐ உங்கள் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். 1906லிருந்து நார்தர்ன் லீக் அமெச்சூர் கிளப்புகளுக்கு மட்டுமான லீக். சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர்கள் இருந்த லீக்கோடு அது எப்படிச் சேர முடியும்? அமெச்சூர், புரொஃபெஷனல் என்ற பிரிவையே இங்கிலாந்து கால்பந்துச் சங்கமான எஃப்.ஏ. 1974ல்தான் எடுத்தது.

இரண்டாவது, லீக் சரிந்தது என்கிறீர்கள். அந்த ஊர்களுக்கு என்ன ஆனது என்று பார்த்தீர்களா? குரூக், வில்லிங்டன், டோ லா, ஷில்டன், கான்செட். எல்லாம் நிலக்கரியும் இரும்பும் ரயிலும் வைத்துப் பிழைத்த சின்ன ஊர்கள். டர்ஹாமின் மேற்குப் பகுதியில் சுரங்கங்கள் வரிசையாக மூடின. 1980ல் கான்செட் உருக்காலை போனது, 1984ல் ஷில்டன் ரயில் வேகன் ஆலை போனது. சனிக்கிழமை மைதானத்துக்கு வந்தவர்கள் வெள்ளிக்கிழமை கூலி வாங்கியவர்கள். கூலி நின்றபின் கேட் வசூல் எங்கிருந்து வரும்? லீக் எந்தப் படியில் இருந்தாலும் இந்த அடி விழுந்தே இருக்கும்.

மாறன்:
அந்த அமெச்சூர் வேலி எவ்வளவு உயரம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆட்டம் முடிந்ததும் பூட்ஸுக்குள் காசு வைப்பது அந்தப் பக்கம் ஊரறிந்த வழக்கம். 1920களின் கடைசியில் குரூக் டவுன் கிளப்பில் இந்தக் காசு விவகாரம் வெடித்து, டர்ஹாம் முழுக்க நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்கள் தடை வாங்கினார்கள். அதனால் 1968க்குக்கூட அதை முழுக் காரணமாக என்னால் ஏற்க முடியவில்லை. சரி, அதை விட்டுவிடுவோம். 1974ல் வேலியே போய்விட்டது. அப்புறமும் 17 வருடம் ஏன் வெளியே நின்றார்கள்?

நின்றபோது கையில் இருந்த சரக்கையும் பாருங்கள். அமெச்சூர் கிளப்புகளுக்கான தேசியக் கோப்பையான அமெச்சூர் கோப்பையை இந்த லீக்கின் பிஷப் ஆக்லாந்து பத்து முறை வென்றிருக்கிறது. வேறு எந்த கிளப்பும் பக்கத்தில்கூட வரவில்லை. 1955, 56, 57 என்று தொடர்ந்து மூன்று. குரூக் டவுன் ஐந்து முறை. 1954 இறுதி ஆட்டம் இந்த இரண்டு கிளப்புகளுக்கும் இடையில்தான், சில மைல் தூரத்தில் இருக்கிற இரண்டு ஊர்கள். வெம்ப்ளியில் ஒரு லட்சம் பேர் பார்த்தார்கள். 2-2. நியூகாசிலில் மறு ஆட்டம், அதுவும் 2-2. மிடில்ஸ்பரோவில் மூன்றாவது ஆட்டத்தில் குரூக் 1-0 என்று முடித்தது. 1958ல் மியூனிக் விமான விபத்தில் மான்செஸ்டர் யுனைடெட் அணியே சிதைந்தபோது, பாப் ஹார்டிஸ்டி, டெரக் லெவின், வாரன் பிராட்லி என்று மூன்று பேர் கைகொடுக்கப் போனது பிஷப் ஆக்லாந்திலிருந்துதான். பிராட்லி அடுத்த வருடமே இங்கிலாந்து தேசிய அணிக்கு ஆடினார்.

இப்படிப்பட்ட லீக் 1979ல் பேரம் பேசியிருந்தால் ஆறாவது படி கிடைத்திருக்கும். அதற்குச் சரியாக ஒரு வருடம் முன்னால்தான் இந்த லீக்கின் பிளைத் ஸ்பார்டன்ஸ் எஃப்.ஏ. கோப்பையில் ஐந்தாவது சுற்று வரை போய் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது.

தாமஸ்:
பிளைத் பேச்சு வந்ததால் சொல்கிறேன், அந்த ஆட்டத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. 1978 பிப்ரவரி. ஸ்டோக் சிட்டியை அதன் சொந்த மைதானத்திலேயே 3-2 என்று வென்றுவிட்டு, ரெக்ஸமுக்குப் போகிறார்கள். கடைசி நிமிடம் வரை பிளைத் 1-0. ரெக்ஸமுக்கு ஒரு கார்னர். பிளைத் தடுத்துவிட்டது. ஆனால் உறைந்த தரையில் கொடிக்கம்பு நிற்காமல் சாய்ந்துவிட்டது என்று ரெஃப்ரி மறுபடி அடிக்கச் சொன்னார். அந்த மறு கார்னரில் கோல். மறு ஆட்டம் நியூகாசிலின் செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில், 42 ஆயிரத்துக்கு மேல் கூட்டம், 2-1 என்று ரெக்ஸம் போய்விட்டது. ஜெயித்திருந்தால் காலிறுதியில் ஆர்சனல்.

நான் மாறன் பக்கம். ஒரு நார்தர்ன் லீக் கிளப்புக்காக 42 ஆயிரம் பேர் வந்த நேரம் அது. அந்தச் சூட்டிலேயே மேலே போயிருக்க வேண்டும்.

இளவேனில்:
நான் கேட்ஸ்ஹெட்டில் இருக்கிறேன், இந்த லீக் ஆட்டங்களுக்கு அடிக்கடி போவேன். பேச்சு பெருமையைப் பற்றியே போகிறது. தூரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே.

நார்தர்ன் லீக்கில் பெரும்பாலான வெளியூர் ஆட்டங்களுக்கு ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். கம்பிரியாவில் பென்ரித் மாதிரி ஒன்றிரண்டு மட்டும் கொஞ்சம் தள்ளி. நார்தர்ன் பிரீமியர் லீக் அப்படியில்லை. நார்தம்பர்லாந்திலிருந்து கீழே டெர்பி, ஸ்டாஃபர்ட் வரை நீளும். நியூகாசிலிலிருந்து டெர்பிக்கே ஏறத்தாழ 250 கிலோமீட்டர். செவ்வாய்க்கிழமை இரவு ஆட்டம் என்றால் மதியமே பஸ் கிளம்ப வேண்டும். கோல்கீப்பர் பிளம்பர், சென்டர் பேக் பள்ளி ஆசிரியர். அரை நாள் லீவு போட்டு, நள்ளிரவு தாண்டி வீடு திரும்பி, காலையில் வேலைக்குப் போக வேண்டும். வாராவாரம் இதற்கு எத்தனை பேர் வருவார்கள்? பஸ் வாடகை யார் கொடுப்பது? டீக்கடை வசூலும் ராஃபிள் சீட்டும் வைத்து நடக்கிற கிளப்புகள் இவை.

இஸ்த்மியனோடு ஒப்பிட்டீர்கள், மாறன். லண்டனைச் சுற்றி ஐம்பது மைலுக்குள் ஒரு லீக்குக்கு வேண்டிய கிளப்புகளும் மக்களும் கிடைப்பார்கள். டைன், வியர், டீஸ் ஆறுகளைத் தாண்டிவிட்டால் எங்களுக்குக் கிழக்கே கடல், வடக்கே ஸ்காட்லாந்து, மேற்கே மலை. படி ஏறுவது என்றால் தெற்கே போவது ஒன்றுதான் வழி.

குருவி:
இளவேனில் அக்கா சொன்னதுக்கு மேல் ஒன்றும் வேண்டாம். ஆனாலும் ஒரு உதாரணம். பிஷப் ஆக்லாந்து 1988லேயே லீக்கை விட்டு நார்தர்ன் பிரீமியருக்குப் போனது. நீங்கள் கேட்டதை அது செய்தே பார்த்தது. அதன் பழைய கிங்ஸ்வே மைதானம் கிரிக்கெட் கிளப்போடு பங்கு போட்டது. ஒரு பக்கம் முழுக்க கிரிக்கெட் தரை, அங்கே படிக்கட்டும் கட்ட முடியாது, சுவரும் எழுப்ப முடியாது. மேல் படிக்கு எஃப்.ஏ. கேட்கிற மைதான விதிகளுக்கு அது எப்படி ஒத்துவரும்? கிங்ஸ்வேயை விட்டபின் 2010ல் ஹெரிடேஜ் பார்க் வரும்வரை பல வருடம் அடுத்த ஊர் மைதானங்களில் வாடகைக்கு ஆடினார்கள். 2006ல் மறுபடி நார்தர்ன் லீக்குக்கே இறங்கிவிட்டார்கள். பத்து அமெச்சூர் கோப்பை வைத்திருந்த கிளப்புக்கே இந்த நிலை. வில்லிங்டனும் டோ லாவும் 1979ல் ஏறி என்ன செய்திருக்கும்?

தாமஸ்:
ஒரு கிளப் தோற்றதை வைத்து எல்லோரையும் நிறுத்துவதா? விட்பி டவுன் 1997ல் எஃப்.ஏ. வாஸ் கோப்பையை வென்றது, அதே வருடம் மேலே போனது, போன முதல் சீசனிலேயே நார்தர்ன் பிரீமியர் லீக்கின் டிவிஷன் ஒன்னில் முதலிடம். விட்பி ஒரு சின்னக் கடற்கரை ஊர். அங்கே எந்தக் கோடீஸ்வரன் இருந்தான்?

இளவேனில்:
வாஸ் பேச்சை எடுத்தீர்களே, அதையே முழுசாகப் பார்ப்போம். ஒன்பது, பத்தாவது படி கிளப்புகளுக்கான தேசியக் கோப்பை அது. 2009, 10, 11 மூன்று வருடமும் விட்லி பே. 2012ல் டன்ஸ்டன், 2013ல் ஸ்பென்னிமோர் டவுன், 2015ல் நார்த் ஷீல்ட்ஸ், 2016ல் மோர்பெத், 2017ல் சவுத் ஷீல்ட்ஸ். ஒன்பது வருடத்தில் எட்டு கோப்பை ஒரே லீக்குக்கு! விட்டுப்போன 2014லும் இறுதிக்கு வந்து தோற்றது நம்ம வெஸ்ட் ஆக்லாந்துதான். 2010 இறுதியில் விட்லி பேயின் பால் சவ் அரை நிமிடத்துக்குள் கோல் போட்டார், புதிய வெம்ப்ளியில் அவ்வளவு வேகமாக அதுவரை யாரும் போட்டதில்லை.

மேலே ஏறாமல், உள்ளூரிலேயே ஆடி, இதைச் சாதித்தார்கள். நல்ல ஆட்டக்காரன் வீட்டுப் பக்கத்திலேயே ஆடுகிறான், அதனால் லீக்கின் தரம் உயர்ந்தே இருக்கிறது.

மாறன்:
அக்கா, நீங்கள் கொடுத்த பட்டியலே என் வாதம். எட்டாவது, ஏழாவது படியில் ஆட வேண்டிய அணிகள் ஒன்பதாவதில் உட்கார்ந்திருந்தன. அதனால்தான் மற்ற ஊர் கிளப்புகளை வெம்ப்ளியில் ஊதித் தள்ள முடிந்தது. விட்லி பே 2010ல் ராக்ஸமை 6-1 என்று அடித்தது. அது சமமான போட்டியா? ஆண்டுக்கு ஆண்டு பல கிளப்புகள் ஏறும் உரிமையை வேண்டாம் என்று தள்ளின. மேலே போன ஸ்பென்னிமோர் 2014ல் ஏறி 2017ல் ஆறாவது படியான நேஷனல் லீக் நார்த்துக்கே வந்துவிட்டது. சவுத் ஷீல்ட்ஸும் 2023ல் அங்கே சேர்ந்தது. இந்த மண்ணில் திறமைக்குக் குறை ஒருநாளும் இருந்ததில்லை. கிறிஸ் வாடில் டோ லாவில் ஆடிக்கொண்டே சாசேஜ் ஆலையில் வேலை பார்த்தவர். 1980ல் நியூகாசில் அவரை ஆயிரம் பவுண்டுக்கு வாங்கியது. டோ லா மேல் படியில் இருந்திருந்தால் அதே ஆட்டக்காரருக்கு ஆயிரம் பவுண்டா கேட்டிருப்பார்கள்?

குருவி:
ஸ்பென்னிமோருக்கும் சவுத் ஷீல்ட்ஸுக்கும் பின்னால் பணம் போட ஆள் இருந்தார்கள். சவுத் ஷீல்ட்ஸ் சொந்த மைதானம் இல்லாமல் பீட்டர்லீயில் போய் ஆடிய வருடங்களை மறக்காதீர்கள். கையில் காசோடு ஒருவர் வந்த பிறகுதான் ஏற்றம். அப்படி ஒருவர் வராத கிளப்புகளைப் பற்றித்தான் நான் பேசுகிறேன். அவைதான் அதிகம்.

வெஸ்ட் ஆக்லாந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1909லும் 1911லும் இத்தாலியில் டூரின் வரை போய், பல நாட்டு கிளப்புகள் மோதிய லிப்டன் கோப்பையை வென்ற சுரங்கத் தொழிலாளிகள். 1911 இறுதியில் யுவென்டஸை 6-1 என்று அடித்தார்கள். வீடு திரும்பியபோது கிளப் கடனில் இருந்தது. 40 பவுண்டுக்கு அந்தக் கோப்பையையே உள்ளூர் ஹோட்டல்கார அம்மாவிடம் அடகு வைத்தார்கள். அதை மீட்டது 1960ல், 100 பவுண்டு கொடுத்து. 1994ல் அதையும் திருடர்கள் கொண்டுபோய்விட்டார்கள், இப்போது இருப்பது நகல். ஒரு பயணத்தின் செலவு ஒரு சின்ன ஊர் கிளப்பை என்ன செய்யும் என்று அவர்களுக்கு அப்போதே தெரியும்.

தாமஸ்:
அதெல்லாம் சரி, குருவி. ஆனால் இப்போது விதியே மாறிவிட்டதே. ஒன்பதாவது படியில் முதலிடம் வந்தால் ஏறியே ஆக வேண்டும், வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஏறிய கிளப்புகள் ஒன்றும் அழிந்துபோகவில்லை.

இளவேனில்:
அழியாததற்குக் காரணம் இருக்கிறது, தாமஸ். 2021ல் எஃப்.ஏ. எட்டாவது படியை மாற்றி அமைத்து, நார்தர்ன் பிரீமியர் லீக்கின் கீழ் டிவிஷனை கிழக்கு, மேற்கு, மிட்லாண்ட்ஸ் என்று மூன்றாக்கியது. நம்ம கிளப்புகள் கிழக்கில் ஆடுகின்றன, பெரும்பாலும் யார்க்‌ஷையர்தான் எல்லை. அதாவது நார்தர்ன் லீக் கிளப்புகள் முப்பது வருடம் கத்திக்கொண்டிருந்ததை எஃப்.ஏ. ஒருவழியாகக் காதில் வாங்கியது. தூரத்தைக் குறைத்துவிட்டு அப்புறம் ஏறச் சொன்னால் ஏறுவார்கள். 1979ல் யாரும் அப்படிக் கேட்கவில்லை. அதனால் அன்றைக்கு "வேண்டாம்" என்று சொன்னது சரியான பதில்.

கட்டாயத்தை மட்டும் இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை. சாம்பியன் ஆகிவிடக் கூடாதே என்று எந்தக் கிளப்பாவது மார்ச் மாதம் கணக்குப் போட ஆரம்பித்தால் அது ஆட்டத்துக்கே அவமானம்.

மாறன்:
தூரத்தைக் குறைத்தது நல்ல விஷயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த மேசையில் 1979லேயே உட்கார்ந்திருந்தால் "கிழக்குக்குத் தனி டிவிஷன் கொடு" என்று அன்றைக்கே கேட்டிருக்கலாம். பிளைத்தும் பிஷப் ஆக்லாந்தும் உள்ளே இருந்த லீக் கேட்டால் மறுப்பது கஷ்டம். வெளியே நின்றவனுக்காக யாரும் வரைபடத்தைத் திருத்த மாட்டார்கள். 12 வருடம் கழித்து உள்ளே வந்தபோது பிஷப் ஆக்லாந்து ஏற்கெனவே போய்விட்டது. பிளைத் 1994ல் போனது. பேரம் பேசப் பெரிய பெயர்களே மிச்சமில்லை.

குருவி:
அன்றைக்குக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள் என்பது உங்கள் நம்பிக்கை. நான் பார்ப்பது நடந்ததை. அமெச்சூர் கோப்பைக் காலத்தில் கொடிகட்டிப் பறந்த வடக்கு லீக்குகள் எத்தனையோ இணைந்தன, பெயர் மாறின, கலைந்தன. நார்தர்ன் லீக் 1889ல் வைத்த பெயரோடு, அதே ஊர்களில், வருகிற சனிக்கிழமையும் மூன்று மணிக்கு ஆடப்போகிறது. அக்கா, டோ லா ஆட்டத்துக்குப் போகிறீர்கள் என்றால் குளிருக்குக் கோட்டு எடுத்துப்போக மறக்காதீர்கள். அந்த மேட்டில் காற்று சும்மா விடாது.