கொடுவாவுல சினையே இல்லையாம்: எங்க ஃபேமிலி குரூப், ஞாயித்துக்கிழமை

ரமேஷ் சித்தப்பா: கிருஷ்ணகிரி மார்க்கெட்ல கொடுவா வந்திருந்துச்சு ஒண்ணரை கிலோவுல ஒண்ணு வாங்கியாந்தேன், ஆயா வயித்த கிழிச்சு பாத்துட்டு சினை இல்லன்னு திட்டிகினு இருக்கு, போன தடவையும் இல்ல, கடைக்காரன் எடுத்து வச்சுக்கறானான்னு கேக்குது

தினேஷ்: அவர் மேல பழி போடாதீங்க சித்தப்பா 😄 கொடுவா மொதல்ல ஆணாதான் பருவத்துக்கு வரும். ரெண்டு கிலோ சைஸ்ல பெரும்பாலும் ஆண்தான், ஆறேழு வருஷம் ஆகி நாலு கிலோ தாண்டுனப்புறம் பொண்ணா மாறி சினை வைக்கும்

மல்லிகா அத்தை: என்ன கண்ணு சொல்ற, மாறுமா??

பெரியப்பா: எல்லாம் ஹார்மோன் ஊசி. பிராய்லர் கணக்கா ஆக்கிட்டானுங்க. ஒரு ஃபார்வேர்ட் வந்துச்சு போடறேன் இருங்க

தினேஷ்: பெரியப்பா அத போடாதீங்க ப்ளீஸ் 🙏 ஊசி கீசி ஒண்ணும் இல்ல, கடல்ல தானா நடக்கறது. இப்படி மாறற மீன் சுமார் 500 வகை இருக்கு. களவா கொடுவாவுக்கு நேர் தலைகீழ், மொதல்ல பொண்ணு, பெருசானா ஆண். அதனாலதான் பெரிய களவாவா பாத்து புடிச்சுட்டே இருந்தா கடல்ல ஆண் கம்மியாயிடும்

சுமதி அக்கா: தம்பி, ஹார்மோன் இல்லாம எப்படிடா மாறும்? உள்ள ஏதோ சுரக்கணும்ல

தினேஷ்: சுரக்குதுக்கா, அது உடம்புக்குள்ளயே தயாராகறது. சினைப்பைல முட்டைய சுத்தி ரெண்டு அடுக்கு செல் இருக்கு, வெளி அடுக்கு கொலஸ்ட்ரால்ல ஆரம்பிச்சு டெஸ்டோஸ்டெரோன் வரைக்கும் செஞ்சு குடுக்கும், உள் அடுக்குல அரோமட்டேஸ்னு ஒரு நொதி இருக்கு அது அந்த டெஸ்டோஸ்டெரோனையே எஸ்ட்ரடையால்ங்கற பொம்பள ஹார்மோனா மாத்திடும். ஜப்பான்ல நாகஹாமான்னு ஒருத்தர் சால்மன் மீன்ல பிரிச்சு காட்டுனது இது

மல்லிகா அத்தை: டெஸ்டோஸ்டெரோன் ஆம்பளைங்களுது இல்லையா

தினேஷ்: எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க அத்தை. பொம்பள ஹார்மோனுக்கு மூலப்பொருளே அதுதான். மீன்ல அசல் ஆண் ஹார்மோன் 11-கீட்டோடெஸ்டோஸ்டெரோன், அதுவும் இதே டெஸ்டோஸ்டெரோன்லருந்துதான் வருது. வழி எங்க பிரியுதுங்கறதுதான் விஷயம்

ரமேஷ் சித்தப்பா: ஆயாவுக்கு படிச்சு காட்டுனேன். "அப்ப அது பால்டா, அந்த நொதிதான் உறை, உறை ஊத்துனா தயிரு இல்லன்னா வேற எதுக்கோ ஆவும்" ன்னுச்சு

தினேஷ்: ஆயா எங்க காலேஜ்ல வந்து க்ளாஸ் எடுக்கலாம் 😂😂 அதேதான். கரீபியன் கடல்ல நீலத்தலை ராஸ்னு ஒரு மீன், கூட்டத்துல இருக்கற பெரிய ஆண புடிச்சு எடுத்துட்டா அடுத்த பெரிய பொண்ணு கொஞ்ச நேரத்துலயே விரட்ட ஆரம்பிச்சிடும், உள்ள அரோமட்டேஸ் கொறையும் எஸ்ட்ரடையால் விழும், முட்டையெல்லாம் கரைஞ்சு அந்த எடத்துலயே விரை திசு வளந்து 11-கீட்டோ ஏறும், பத்து நாள்கிட்ட விந்தே வந்துடும்

சுமதி அக்கா: நடத்தை முன்னாடி, உறுப்பு பின்னாடியா?

தினேஷ்: ஆமாக்கா. 1996ல சினைப்பையையே எடுத்துட்டு பாத்திருக்காங்க, அந்த மீன் கூட ஆண் மாதிரியே நடந்துக்குச்சு. மூளைதான் மொதல்ல முடிவு பண்ணுது, அப்புறம் மூளைக்கு அடியில இருக்கற பிட்யூட்டரி சுரப்பி வழியா கீழ ஆர்டர் போகுது

பெரியப்பா: மீன் தொட்டில விடறாங்களே ஆரஞ்சுல வெள்ள பட்டை போட்டது அதுவுமா

தினேஷ்: க்ளவுன் மீனு பெரியப்பா. அது கொடுவா கட்சி, ஆண்லருந்து பொண்ணு. கூட்டத்துக்கு ஒரே ஒரு பொண்ணுதான் தலைவி, அது செத்துட்டா அதோட புருஷனே பொண்ணாயிடும். அந்த ஆணுக்குள்ள விரைத் திசுவும் சினைத் திசுவும் ஏற்கனவே ஒண்ணா இருக்கும், அரோமட்டேஸ் ஏறுனா சினைப்பக்கம் வளந்து மத்தது சுருங்கிடும்

மல்லிகா அத்தை: புருஷனே பொண்ணா 🤭 உங்க மாமா கிட்ட சொல்லணும்

சுமதி அக்கா: டேய் அரோமட்டேஸ்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு, எங்க மெடிக்கல்ல லெட்ரோசோல் விக்கறோம், மார்பக கேன்சருக்கும் எழுதறாங்க கொழந்தை நிக்கறதுக்கும் எழுதறாங்க, அது அரோமட்டேஸ அடைக்கற மாத்திரைதானே. அதே நொதியா?

தினேஷ்: அதே குடும்பம்க்கா, நமக்கும் மீனுக்கும் வேலை ஒண்ணுதான். லெட்ரோசோல் மாதிரியே அரோமட்டேஸ அடைக்கற இன்னொரு மருந்து ஃபாட்ரோசோல். ஒகினாவா பக்கம் இருக்கற ராஸ் மீனுக்கு குடுத்து பாத்தாங்க, பொண்ணு ஆணா மாறிடுச்சு. கூடவே எஸ்ட்ரடையாலும் குடுத்தா மாறல

பெரியப்பா: சரி, நம்ம கேஆர்பி டேம் ஜிலேபிக்கு இந்த வேலை நடக்குமா. அதுல ஹார்மோன் போடறது உண்மைதானேடா, சும்மா மழுப்பாத

தினேஷ்: டேம் மீனுக்கு யார் போய் போடுவாங்க பெரியப்பா. ஜிலேபி தானா மாறாது. ஆனா நீங்க சொல்றதுல பாதி நிஜம் இருக்கு, சில குஞ்சு பொரிப்பகத்துல பொறந்ததும் மூணு நாலு வாரம் தீவனத்துல மெத்தில்டெஸ்டோஸ்டெரோன் கலப்பாங்க, எல்லாம் ஆணா வரும், ஏன்னா பொண்ணு சின்னதுலயே குஞ்சு போட்டு குளம் நெறஞ்சு எதுவும் பெருசாகாது. வளந்து கடைக்கு வர்றதுக்கு பல மாசம் முன்னாடியே அத நிறுத்திடுவாங்க

தினேஷ்: இன்னொண்ணு, வளந்த பொண்ணு ஜிலேபிக்கு அரோமட்டேஸ அடைக்கற மருந்து ரொம்ப நாள் குடுத்தா அதோட சினைப்பையே வேலை செய்யற விரையா மாறிடுது. தானா மாறாத மீன்லயே! அப்ப பொண்ணா இருக்கறதுக்கே எஸ்ட்ரடையால் தெனமும் வந்துட்டே இருக்கணும்

பெரியப்பா: ம். சரி அந்த ஃபார்வேர்ட போடல