புதுப்பிப்பு: அம்பாசடர் 1489 சிசி பெட்ரோல், மேட்டில் நாக்கிங் (தீர்ந்தது)

ஆலோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. மேட்டில் ஏறும்போது டக் டக்கென்று நாக்கிங் (எரிபொருள் தாறுமாறாக எரிவதால் எஞ்சினில் எழும் தட்டல் சத்தம்), காலையில் ஸ்டார்ட்டர் திணறல் என்று கேட்டிருந்தேன். கார்பரேட்டரைப் பிரிக்கச் சொன்னவர்கள் அதிகம். ஆனால் பலன் தந்தது, "டைமிங்கைத் தொடுவதற்கு முன் பாயிண்ட் கேப்பைப் பாருங்கள்" என்ற பதில்தான். பாயிண்ட் என்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (தீப்பொறியைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) திறந்து மூடும் சின்ன ஸ்விட்ச்; கேப் என்பது அது திறக்கும் இடைவெளி; டைமிங் என்பது தீப்பொறி விழும் நேரம்.

கேப் மிக அகலமாக இருந்தது. கேப் கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், தீப்பொறியும் முந்திவிடும்; நாக்கிங் அதனால்தான். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து 0.4 மி.மீ.க்குக் கொண்டுவந்தேன்.

அப்புறம் டைமிங். முதல் சிலிண்டர் கம்ப்ரெஷனில் (பிஸ்டன் மேலேறி அழுத்தும் கட்டம்) இருக்க, எஞ்சின் முன்புறப் புல்லியில் உள்ள வெட்டை 5 டிகிரி குறிக்கு (பிஸ்டன் உச்சிக்கு வர 5 டிகிரி முன்) சற்று முன்பே நிறுத்தினேன். காயிலிலிருந்து (தீப்பொறிக்கான உயர் மின்னழுத்தம் தரும் பாகம்) டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வயர் முனைக்கும் பாடிக்கும் நடுவே 12 வோல்ட் பல்பு, இக்னிஷன் ஆன். பாயிண்ட் மூடியிருக்கும்வரை பல்பு எரியாது; திறக்கும் நொடியில் பளிச்சென்று எரியும். எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்த்து, டிஸ்ட்ரிபியூட்டரைச் சிறிது சிறிதாகத் திருப்பி, பல்பு எரிவதும் வெட்டு குறிக்கு வருவதும் ஒன்றாகும்படி வைத்து முடுக்கினேன். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் ரோட்டர் சுற்றும் திசையில் திருப்பினால் தீப்பொறி தாமதமாகும், எதிர்த்திசையில் முந்தும்.

நாக்கிங் போய்விட்டது, ஸ்டார்ட்டிங்கும் சுலபம். எதிர்பாராதது ஒன்று: சமதளத்தில் வண்டி மந்தமாக ஓடியது. டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்கும் யூனிட்டுக்கு (எஞ்சினின் உறிஞ்சுவிசையால் தீப்பொறியை முந்தவைக்கும் பாகம்) போகும் குழாயை வாயால் உறிஞ்சிப் பார்த்தால் காற்று தடையில்லாமல் வந்தது. உள்ளே டயஃப்ரம் (மெல்லிய சவ்வு) கிழிந்திருந்தது. வேக்கும் யூனிட்டை மாற்றியதும் அதுவும் சரியானது.