புதுப்பிப்பு: முழங்கால் வலியோடு இலங்கையின் சிவனொளிபாதமலை ஏறலாமா என்று கேட்டிருந்தேனே

ஏறிவிட்டேன். போன மாதம் கேட்டபோது பாதிப்பேர் வேண்டாம் என்றீர்கள். மற்றவர்கள் அடிவாரத்து ஊரான நல்லதண்ணிப் பக்கமாக இரவில் ஏறச் சொன்னீர்கள். இரண்டாவது கூட்டத்துக்கு நன்றி. இரத்தினபுரிப் பாதை இன்னும் நீளம், அது நமக்குச் சரிவராது.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்டவர்களுக்கு அப்போது பதில் சொல்லவில்லை. அம்மா மலையை ஒட்டிய மஸ்கெலியாப் பக்கம் 30 வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்தவர். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசலில் நின்றாலே மலை தெரியும். யாத்திரை சீசனில் இரவு முழுக்க மலைப்பாதையில் விளக்கு வரிசை. "அடுத்த வருஷம் போவோம்" என்பார். போகாமலே போய்விட்டார்.

5,000-க்கு மேல் படி. கடைசிப் பகுதி செங்குத்து. கைப்பிடிக் கம்பி பனியில் நனைந்து, பிடித்தால் விரல் விறைக்கிறது, விட்டால் கால் நடுங்குகிறது. வெறுங்காலோடு ஒரு சிங்கள ஆச்சி "கருணாவாய்" என்று யாத்திரிகர் வாழ்த்தைச் சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார். வெட்கமாகிவிட்டது.

உச்சியில், 2,243 மீட்டரில், எத்தனை தடவை ஏறினோமோ அத்தனை முறை மணி அடிப்பது வழக்கம். எனக்கு இது முதல் தடவை. இரண்டு முறை அடித்தேன். கணக்குப்படி தப்புதான்.

சூரிய உதயமா? ஒரே மூடுபனி. அப்புறம், இறங்குவதுதான் கஷ்டம் என்று எழுதியவருக்கு: மூன்று நாளாக வீட்டு வாசற்படியைக்கூடப் பக்கவாட்டில்தான் இறங்குகிறேன்.