ட்ரோன் காணொளியை உடனுக்குடன் ஒட்டும்போது இரண்டாம் வரிசை விலகுகிறது: வழி தேவை

பறந்துகொண்டிருக்கும் ட்ரோன் அனுப்பும் சட்டகங்களை (காணொளியின் தனித்தனிப் படங்களை) உடனுக்குடன் ஒட்டி, ஒரே நிலப்படமாக்கும் நிரலை எழுதி வருகிறேன். நேர்கோட்டில் பறக்கும்வரை படம் சீராக வளர்கிறது. ஆனால் ட்ரோன் திரும்பி அடுத்த வரிசைக்கு வந்ததும், ஒரே வரப்பு இரண்டு இடங்களில் தெரியும் அளவுக்குப் படம் விலகிவிடுகிறது. முதல் சோதனையிலிருந்தே இப்படித்தான்.

கேமரா நேர்கீழாக நோக்குகிறது. 80 மீட்டர் உயரத்திலிருந்து விநாடிக்கு 30 சட்டகங்கள், 1080பி தரத்தில் வருகின்றன. கீழே இருப்பது ஒன்றுபோலவே தோன்றும் பயிர் வரிசைகள். ஓப்பன்சிவி என்னும் படக் கணிப்பு நூலகத்தில், ஜிபியூவில் (வரைகலைச் செயலியில்) இயங்கும் குடா பிரிவைக் கொண்டு ஆர்ப் புள்ளிகளை (படத்தில் எளிதில் அடையாளம் காணக்கூடிய புள்ளிகளை) அடுத்தடுத்த சட்டகங்களுக்கிடையே பொருத்தி, தவறான பொருத்தங்களை விலக்கும் ரான்சாக் வழியாக ஹோமோகிராஃபி (ஒரு சட்டகத்தை மற்றொன்றின் மேல் பொருத்தும் அணி) கணித்து, அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகப் பெருக்கிச் செல்கிறேன். சிறு பிழைகள் இப்படித்தான் சேர்கின்றன என்பது புரிகிறது.

லென்ஸ் வளைவைத் திருத்தினேன், புள்ளிகளைக் கூட்டினேன், ரான்சாக் வரம்பை இறுக்கினேன். பெரிய மாற்றமில்லை. ஒரு பிக்சல் தரையில் ஏறத்தாழ 6 செ.மீ. என்பதால், மீட்டர் கணக்கில் பிழைபடும் சாதாரண ஜிபிஎஸ் கைகொடுக்கவில்லை. எல்லாச் சட்டகங்களின் நிலைகளையும் ஒருசேரத் திருத்தும் பண்டில் அட்ஜஸ்ட்மென்ட் படத்தை நேராக்குகிறது. ஆனால் சட்டகங்கள் பெருகப் பெருக நேரமும் கூடுவதால், பறக்கும்போது அது உதவாது. வேகம் தனிச் சிக்கல் அன்று: படத்தைத் துண்டுகளாகப் பிரித்து, மாறிய துண்டை மட்டும் வரைவதால் அது தீர்ந்துவிட்டது.

இடைவெளி விட்டுத் தேர்ந்தெடுக்கும் முக்கியச் சட்டகங்களின் நிலையைப் பின்னணியில் திருத்தி, ஏற்கெனவே வரைந்த துண்டுகளை ஜிபியூவில் மீண்டும் வரைந்தும், சட்டகத்துக்கு 33 மில்லிவிநாடி என்ற வரம்பைத் தாண்டாமலிருக்க நீங்கள் எந்த முறையைக் கையாண்டீர்கள்?